கஷ்ட காலமும் பிள்ளைகளின் ஆராதனையும்



வீட்டில் கஷ்டம் வந்தால் முதலில் குறைவது எது? சில வீடுகளில் எண்ணெயும் பருப்பும். சில வீடுகளில் பூசையும் செபமாலையும். தகப்பனாருக்கு வேலை போய்விட்டது, தாயார் வியாதியாய்ப் படுத்துவிட்டார், விளைச்சல் பொய்த்துவிட்டது. பதினைந்து வயது மகன் ஞாயிறு பூசைக்குப் புறப்படாமல் படுத்திருக்கிறான். கேட்டால், "இத்தனை நாள் செபித்தோமே, என்ன கிடைத்தது?" என்கிறான். பதில் சொல்லாமல் அதட்டி அனுப்பினால் பிள்ளையின் உடல் கோவிலுக்கு வரும், மனம் வராது. ஆகையால் அந்தக் கேள்வியையே இவ்வாரப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

பூசை எதற்காக?

பூசைப்பலி நான்கு கருத்துகளுக்காக ஒப்புக்கொடுக்கப்படுகிறது என்று ஞானோபதேசத்தில் படித்திருக்கிறோம்: சர்வேசுரனை ஆராதிக்க, அவருக்கு நன்றி செலுத்த, பாவங்களுக்குப் பரிகாரம் செய்ய, வேண்டிய வரங்களை மன்றாட. மன்றாட்டு தகாததல்ல, அன்றாட உணவைக் கேட்கும்படி சேசுநாதரே கற்பித்தார். ஆனால் நான்கில் அது ஒன்று. நம் பிள்ளைகள் வீட்டில் கேட்டு வளர்வதோ பெரும்பாலும் அந்த ஒன்றைத்தான். "பரீட்சை வருகிறது, கோவிலுக்குப் போ." "அண்ணனுக்கு வேலை கிடைக்க மெழுகுவர்த்தி ஏற்று." இதை மாத்திரம் அறிந்த பிள்ளை, கூலி தராத முதலாளியை விட்டுப் போகும் வேலையாளைப் போல, கேட்டது கிடைக்காதபோது ஆண்டவரை விட்டுப் போகிறான்.

வேதாகமம் காட்டும் வழி

தானியேல் ஆகமத்தில் வரும் சாத்ராக், மேசாக், ஆபேத்நெகோ என்னும் மூவரும் சொந்த ஊரிலிருந்து பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்ட வாலிபர்கள். பொற்சிலையை வணங்காவிட்டால் தீச்சூளை என்று அரசன் பயமுறுத்தினான். தங்கள் கடவுள் தங்களைக் காப்பாற்ற வல்லவர் என்றும், அவர் காப்பாற்றாமற்போனாலும் சிலையை வணங்கமாட்டோம் என்றும் அவர்கள் மறுமொழி சொன்னார்கள். "காப்பாற்றாமற்போனாலும்" என்ற அந்த இடத்தில்தான் ஆராதனை இருக்கிறது. சேசுநாதரும் பூங்காவனத்தில் துன்பக் கிண்ணம் அகலும்படி மன்றாடினார். கிண்ணம் அகலவில்லை, அவரைத் திடப்படுத்தச் சம்மனசு வந்தார். அவர் சிலுவையில் ஒப்புக்கொடுத்த பலியே நம் பீடத்தில் நடக்கும் பூசை. துன்பப்படுகிறவனுக்கு அதைவிடச் சொந்தமான இடம் எது?

நம் நாட்டு வேதசாட்சி

நட்டாலத்தில் 1712-ம் ஆண்டு பிறந்த நீலகண்டபிள்ளை, திருவிதாங்கூர் அரண்மனை உத்தியோகஸ்தர். ஆடுமாடுகள் மடிந்து பொருள் நஷ்டமாகி அவர் மனம் கலங்கியிருந்தபோது, படைத்தலைவர் தெலனாய் அவருக்கு யோபுவின் சரித்திரத்தைச் சொன்னார் என்று அவர் வரலாறு கூறுகிறது. 1745-ம் ஆண்டு வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். இட்ட பெயர் தேவசகாயம், அதாவது கடவுளின் உதவி. அந்தப் பெயரைப் பெற்றவருக்குக் கிடைத்தவை விலங்கும் அடியும் சிறையும். முடிவில், 1752 ஜனவரி 14-ல் காற்றாடிமலையில் துப்பாக்கிக் குண்டு. அப்படியானால் தேவ சகாயம் எங்கே? கடைசிவரை விசுவாசத்தில் அவரை நிலைநிறுத்தியதே அந்தச் சகாயம். 2022 மே 15-ல் திருச்சபை அவரை அர்ச்சியசிஷ்டராக உயர்த்தியது. உங்கள் பிள்ளைகளுக்கு இந்தச் சரித்திரத்தைச் சொல்லுங்கள்.

வீட்டில் செய்யவேண்டியவை

1. கஷ்டத்தைப் பிள்ளைகளிடம் முழுவதும் மறைக்காதீர்கள். வயதுக்குத் தக்கபடி சொல்லி, சேர்ந்து செபியுங்கள். கடன்காரர் வந்துபோன அன்றிரவும் தகப்பனார் முழந்தாளிடுவதைப் பார்த்த பிள்ளை அதை மறக்கமாட்டான்.

2. ஆண்டவரிடம் முறையிடும் பிள்ளையை அதட்டாதீர்கள். யோபு முறையிட்டார், சங்கீதங்களில் அநேகம் முறையீடுகளே. துன்பத்துக்குக் காரணம் உன் பாவமே என்று சாதித்த யோபுவின் சிநேகிதர்களைத்தான் ஆண்டவர் கடிந்துகொண்டார்.

3. இரவுச் செபத்தில் நான்கு கருத்துகளுக்கும் இடம் கொடுங்கள். முதலில் ஆண்டவரைத் துதியுங்கள். அன்றைய நன்மை ஒன்றைப் பிள்ளையே சொல்லி நன்றி கூறட்டும். ஒருவருக்கொருவர் மன்னிப்புக் கேளுங்கள். கடைசியில் மன்றாடுங்கள், அதிலும் நம்மைவிடக் கஷ்டப்படும் ஒரு வீட்டை நினையுங்கள்.

4. அடுப்பு எரியாத வீடு இருந்தால் வெட்கப்படாமல் அறைவீட்டில் வந்து சொல்லுங்கள். பசித்தவனுக்கு உபதேசம் மாத்திரம் கொடுத்து அனுப்புவது விசுவாசமல்ல என்று அர்ச். யாகப்பர் எழுதியிருக்கிறார்.

வாலிபப் பிள்ளைகளே, செபிக்க மனமில்லாத ஞாயிற்றுக்கிழமையும் வாருங்கள். வாய் திறக்க முடியாவிட்டால் கடைசி வாங்கில் சும்மா உட்காருங்கள். உங்களுக்காகச் சபை முழுவதும் செபிக்கும். உங்கள் கேள்வியை வீட்டில் போட்டுவிட்டு வரவேண்டாம். அதையும் அப்பத்தோடும் இரசத்தோடும் பீடத்தில் வையுங்கள்.

ஆண்டவர் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக.

பங்குசுவாமியார்