எத்தனை டம்ளர் டீ? கல்லாவில் இருப்போர் போட வேண்டிய ஒரு கணக்கு



எத்தனை மூட்டை வந்தது, எத்தனை போனது என்று எழுதி வைக்கிற நாம், ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் டீ குடிக்கிறோம் என்று எழுதுவதில்லை. எங்கள் கடையில் ஒரு நாள் எண்ணிப் பார்த்தோம். காலையில் லோடு இறங்கியது முதல் இரவு கடை எடுத்து வைக்கும் வரை ஒன்பது டம்ளர். காலை ஆகாரம் 11 மணிக்கு, அதுவும் பாதி. அன்று இரவு, இருபது வருடமாக நம்மிடம் சரக்கு எடுக்கும் சில்லறை வியாபாரி ஒருவரை, ஒரு மூட்டைத் துவரம்பருப்புக்குப் பாக்கி என்று நாலு பேர் முன்னால் கடுமையாகப் பேசிவிட்டோம். மறுநாள் பார்த்தால், பேரேட்டில் வரவு வைக்க மறந்தது நாம்தான். மூன்று மாதம் அவர் நம் கடைப் படி ஏறவில்லை. அதன் பிறகே டாக்டரிடம் கேட்டும், படித்தும் சில விஷயங்களைத் தெரிந்துகொண்டோம்.

உடல் எடையில் மூளை 2 சதவீதம்தான். ஆனால் நாம் சும்மா இருக்கும்போதே உடம்பின் எரிபொருளில் சுமார் 20 சதவீதத்தை அது எடுத்துக்கொள்கிறது. விழித்திருக்கும் நேரம் ஏற ஏற, அடினோசின் என்ற பொருள் மூளையில் சேர்ந்து "போதும், ஓய்வெடு" என்று சொல்லும். டீ, காபியில் உள்ள காஃபின் அந்தச் சொல் காதில் விழாமல் தடுக்கிறது. களைப்பு தீர்ந்துவிடவில்லை. கடன்காரரை வாசலிலேயே நிறுத்தி வைத்த கதைதான். வட்டியோடு பின்னால் வருவார்.

ஒரு டம்ளர் டீயில் ஏறக்குறைய 40 மில்லிகிராம் காஃபின் இருக்கும். டஸ்ட் டீயைக் கொதிக்கவிட்டால் இன்னும் கூடும். ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரு நாளைக்கு 400 வரை பாதகமில்லை என்கிறார்கள், கர்ப்பிணிகளுக்கு 200தான். ஆகவே ஒன்பது டம்ளர் விளிம்பில் நிற்கிறது. அதைவிடப் பெரிய கேடு, குடிக்கிற நேரம். உள்ளே போன காஃபினில் பாதி கழியவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். இரவு 7 மணி டீயில் பாதி, நடுராத்திரியிலும் உடம்பில் இருக்கிறது. தூக்கம் கெட்டால் மறுநாள் கூட்டல் தப்பும், கோபம் முந்தும். ஞாயிற்றுக்கிழமை கடை லீவில் பலருக்குத் தலைவலி வருவதும் டீ குறைந்ததால் இருக்கலாம்.

டீயில் தியானின் என்று ஒன்றும் உண்டு. 1949இல் ஜப்பானில் கண்டுபிடித்தது. மனதைச் சற்று அமைதிப்படுத்தும் என்று சில ஆராய்ச்சிகள் சொல்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலும் கொடுத்துப் பார்த்தது 200 மில்லிகிராம். ஒரு டம்ளரில் அதில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே அதிகம். "மன அழுத்தம் போக்கும்" என்று பாக்கெட்டில் அச்சிட்டு வருவதைக் காட்டி வாடிக்கையாளர் கேட்டால், அண்ணாச்சிமார்கள் உள்ளதைச் சொல்லுங்கள்.

இன்னொன்று: சாப்பாட்டோடு டீ குடித்தால் பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. சத்து குறைந்தால் சோர்வும் மந்தமும் வரும். வீட்டுப் பெண்களுக்கு இது முக்கியம். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடலாம்.

இப்போது எங்கள் கடையில் காலை ஆகாரம் 8 மணிக்குள் முடிகிறது. மாலை 4 மணிக்கு மேல் டீ கிடையாது. பொட்டுக்கடலையோ வறுத்த வேர்க்கடலையோ ஒரு கைப்பிடி. நம்மிடமே மூட்டை மூட்டையாக இருக்கிற சரக்குதானே! முதல் வாரம் தலை வலித்தது, பிறகு சரியாயிற்று. கணக்குப்பிள்ளை மட்டும் இன்னும் வழிக்கு வரவில்லை. அவருக்கு இன்றைக்கும் ஏழு டம்ளர்.