பேயச்சமும் ஆசிரியர் கடனும்

இரவிற் பொரித்த பண்டங் கொண்டு செல்வோர் கரித்துண்டோ இரும்பாணியோ உடன்வைத்தலும், பிள்ளை பெற்ற வீட்டில் வேப்பிலை செருகுதலும் பேய்க்குக் காவலென நம்மவர் கொள்வர். இவற்றைச் சொல்லும் மாணாக்கரை யாம் நகைத்தல் தகாது. நகைப்பினால் அச்சம் நீங்காது, மறைந்து வளரும். இருள்வழியில் நம் நெஞ்சும் நடுங்குவதுண்டன்றோ?

ஆதலின் காரைக்காலம்மையார் சரிதத்தை எடுத்தோதுவோமாக. அழகிய உடலை உதறிப் பேயுருவை வேண்டிப் பெற்ற அவரையே இறைவர் தாயென அழைத்தருளினார். அவர் ஆடுமிடம் சுடுகாடு. சூழ்ந்து நிற்பன பேய்க்கணங்கள். அவர் திருவடியைப் பற்றினார்க்குப் பேய் பகையாமாறு எங்ஙனம்?

எனினும் சுரங்கண்டு பிதற்றும் பிள்ளையை வைத்தியரிடம் அனுப்புதலே முறை. திருநீறும் திருவைந்தெழுத்தும் அச்சத்தை அகற்றும், மருந்தை விலக்கா. இதனை முதற்கண் யாம் உணர்ந்து, பின்னர் உணர்த்துவோமாக.