இரவில் அமைதி, நிம்மதியான உறக்கம்: குறைந்த செலவில் அறைக்குள் வரும் சத்தத்தைக் குறைப்பது எப்படி?

ஜாலான் புசார் வட்டாரத்தில் வசிப்பவர்களுக்குச் சத்தம் புதிதல்ல. விடியுமுன்பே பேருந்துகள் ஓடத் தொடங்கிவிடும். ஹார்ட்வேர் கடைகளுக்குச் சரக்கு இறக்கும் லாரிகள், நள்ளிரவிலும் ஆள் நடமாட்டம் குறையாத காப்பிக்கடைகள், சிராங்கூன் சாலை வரை நீளும் வாகன வரிசை என எல்லாம் உங்கள் சன்னலுக்குக் கீழேதான். "பழகிவிட்டது" என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் உங்கள் உடல் அப்படி நினைப்பதில்லை.

சத்தம் உடலை என்ன செய்கிறது?

நீங்கள் உறங்கும்போதும் காதுகள் விழித்தே இருக்கின்றன. திடீரென ஒரு மோட்டார் சைக்கிள் உறுமினால், நீங்கள் கண் விழிக்காவிட்டாலும் இதயத் துடிப்பு கூடும். ஆழ்ந்த உறக்கம் மேலோட்டமான உறக்கமாக மாறும். இப்படிப் பல ஆண்டுகள் தொடர்ந்தால் உயர் ரத்த அழுத்தமும் இதய நோயும் வரும் வாய்ப்பு அதிகரிக்கிறது.

நல்ல உறக்கத்திற்குப் படுக்கையறையில் தொடர்ச்சியான சத்தம் 30 டெசிபலுக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது என உலகச் சுகாதார நிறுவனம் 1999ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. சாதாரண உரையாடல் ஏறக்குறைய 60 டெசிபல். 10 டெசிபல் குறைந்தாலே சத்தம் பாதியாகிவிட்டதுபோல் காதுக்குத் தோன்றும். எனவே முழு அமைதி கிடைக்காவிட்டாலும் ஓரளவு குறைப்பது பயன் தரும்.

பெரியவர்களுக்குத் தினமும் 7 முதல் 9 மணி நேர உறக்கமும், தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு 9 முதல் 12 மணி நேர உறக்கமும் தேவை. இரவு வேலை முடித்துப் பகலில் உறங்கும் பாதுகாவலர், தாதியர், துப்புரவு ஊழியர் ஆகியோருக்கும் இது பொருந்தும்.

முதல் படி: சத்தம் எந்த வழியாக வருகிறது?

காசு செலவழிக்கும் முன் இதைக் கண்டுபிடியுங்கள். காற்று புகும் இடமெல்லாம் சத்தமும் புகும். ஒரு சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலே, அந்தச் சுவர் எவ்வளவு கனமானதாக இருந்தாலும் சுமார் 20 டெசிபலுக்கு மேல் தடுக்க முடியாது.

• சன்னல் சட்டத்தில் ஒரு தாளை வைத்து மூடுங்கள். தாளை எளிதாக உருவ முடிந்தால் அங்கே இடைவெளி இருக்கிறது.
• இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, கூடத்து விளக்கைப் போடுங்கள். கதவைச் சுற்றி வெளிச்சம் தெரியும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.
• சத்தம் கேட்கும்போது சுவரில் உள்ளங்கையை வையுங்கள். அதிர்வு தெரிந்தால், சத்தம் காற்று வழியாக மட்டுமின்றிக் கட்டடத்தின் வழியாகவும் வருகிறது.

இரண்டாம் படி: செலவே இல்லாத மாற்றங்கள்

• கட்டிலைச் சன்னலை ஒட்டி வைக்காதீர்கள். உட்புறச் சுவர் பக்கம் தலை இருக்கும்படி மாற்றுங்கள்.
• அண்டை வீட்டுடன் பகிரும் சுவரை ஒட்டித் துணிகள் நிறைந்த அலமாரியையோ புத்தக அடுக்கையோ வையுங்கள். கனமான பொருள் சத்தத்தைக் கூடுதலாகத் தடுக்கும்.
• வீட்டில் இரண்டு அறைகள் இருந்தால், சாலையைப் பார்க்காத அறையைப் பிள்ளைகளுக்கோ இரவு வேலை செய்பவருக்கோ கொடுங்கள்.

மூன்றாம் படி: சில வெள்ளிகளில் செய்யக்கூடியவை

இதற்கு வேண்டிய பொருள்கள் பக்கத்து ஹார்ட்வேர் கடையிலேயே கிடைக்கும்.

• சன்னல் சட்டங்களில் ஒட்டும் ரப்பர் அல்லது நுரைப் பட்டை. தூசியைத் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு ஒட்டுங்கள். சன்னல் முழுமையாகப் பூட்டிக்கொள்கிறதா என்று பாருங்கள்.
• கதவின் அடியில் பொருத்தும் தடுப்பு. பழைய துண்டை இறுக்கச் சுருட்டி வைத்தாலும் ஓரளவு பயன் உண்டு.
• சன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் இடையே விரிசல் இருந்தால் சிலிகான் பசை.
• கனமான திரைச்சீலை. இது அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும், வெளிச்சத்தைத் தடுக்கும். ஆனால் வெளிச் சத்தத்தை நிறுத்திவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். முதலில் இடைவெளிகளை அடையுங்கள், திரைச்சீலை அடுத்தது.

சன்னலையே மாற்ற நினைத்தால் செலவு அதிகம். வீவக வீடுகளில் அதற்குரிய அங்கீகாரம் பெற்ற சன்னல் குத்தகைதாரரையே அமர்த்துங்கள். பாதுகாக்கப்படும் கடைவீட்டில் வசித்தால், முகப்புச் சன்னலைத் தொடும் முன் நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் விதிமுறைகளைச் சரிபாருங்கள்.

இவற்றில் பணத்தை வீணாக்காதீர்கள்

சுவரில் முட்டை அட்டைகளை ஒட்டினால் சத்தம் நிற்கும் என்பது தவறான நம்பிக்கை. மெல்லிய நுரைப் பலகைகளும் அப்படியே. அவை அறைக்குள் எழும் எதிரொலியைக் குறைக்குமே தவிர, அண்டை வீட்டுச் சத்தத்தைத் தடுக்க அவற்றுக்குக் கனம் போதாது. மேலும், அட்டையும் சாதாரண நுரையும் எளிதில் தீப்பற்றும். சிறிய அறையில் அது உயிருக்கே ஆபத்து.

பாதுகாப்பை மறக்காதீர்கள்

• காற்று வரும் எல்லா வழிகளையும் நிரந்தரமாக அடைக்காதீர்கள். பலர் உறங்கும் அறையில் காற்றோட்டம் கட்டாயம் தேவை. மின்விசிறி ஓடினால் அதன் சீரான ஒலி வெளிச் சத்தத்தையும் ஓரளவு மறைக்கும்.
• சமையலறையிலும் குளியலறையிலும் உள்ள காற்றுத் துளைகளையும், வீட்டுக் காப்பறையின் காற்றுத் துளைகளையும் மூடாதீர்கள்.
• அலமாரி வாசலை மறைக்கக் கூடாது. தீ மூண்டால் வெளியேறும் வழி அதுதான்.
• காதடைப்பான் பயன்படுத்தினால், வீட்டில் ஒருவராவது அதைப் போடாமல் இருக்கட்டும். தீ எச்சரிக்கைக் கருவியின் ஒலியோ குழந்தையின் அழுகையோ கேட்க வேண்டும். சிறு பிள்ளைகளுக்குக் காதடைப்பான் வேண்டாம்.

மேல் மாடிச் சத்தத்துக்கு என்ன செய்வது?

நாற்காலி இழுக்கும் சத்தத்தையும் காலடி ஓசையையும் கீழ் வீட்டில் இருந்துகொண்டு தடுப்பது கடினம். சத்தம் பிறக்கும் இடத்தில் தடுப்பதே மலிவு. நாற்காலிக் கால்களுக்கு ஒட்டும் துணிப் பட்டை சில வெள்ளிதான். நீங்களே இரண்டு பொட்டலம் வாங்கி, ஒன்றை மேல் வீட்டில் கொடுத்து இப்படிப் பேசிப் பாருங்கள்:

"ஆன்ட்டி, நான் கீழ் வீட்டில் இருக்கிறேன். இரவு வேலை முடிந்து காலையில்தான் தூங்குவேன். நாற்காலி இழுக்கும்போது கீழே ரொம்பக் கேட்கிறது. இதை ஒட்டிப் பார்க்கிறீர்களா? நானே வந்து ஒட்டித் தருகிறேன்."

கோபம் தணிந்த பிறகு, பகல் நேரத்தில் பேசுங்கள். இன்னொரு பொட்டலத்தை உங்கள் நாற்காலிகளுக்கு ஒட்டுங்கள். உங்கள் தரைதான் வேறொருவரின் கூரை.

இரவு 10 மணி முதல் காலை 8 மணி வரை அமைதி நேரமாகக் கடைப்பிடிக்கும்படி, அக்கம்பக்க இரைச்சல் குறித்த சமூக ஆலோசனைக் குழு 2022ஆம் ஆண்டு பரிந்துரைத்தது. வீவக வீடுகளில் சுவர் இடித்தல் போன்ற அதிகச் சத்தம் எழுப்பும் புதுப்பிப்புப் பணிகளை வார நாள்களில் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை மட்டுமே செய்யலாம். பேசியும் தீராவிட்டால், சண்டை போடாமல் சமூக சமரச நிலையத்தை நாடுங்கள்.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

சத்தம் குறைந்த பிறகும் வாரத்தில் மூன்று நாள்களுக்கு மேல் உறக்கம் வராவிட்டாலோ, பகலில் வேலை செய்யும்போது கண் அயர்ந்தாலோ, காதில் தொடர்ந்து இரைச்சல் கேட்டாலோ உங்கள் குடும்ப மருத்துவரை அல்லது பலதுறை மருந்தகத்தை நாடுங்கள். தூக்க மாத்திரையைச் சொந்தமாக வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

இன்றிரவே தொடங்குங்கள்

ஒரு தாளை எடுத்து உங்கள் படுக்கையறைச் சன்னலைச் சோதியுங்கள். நாளை கட்டிலை நகர்த்துங்கள். வார இறுதியில் ரப்பர் பட்டை வாங்கி ஒட்டுங்கள். ஒரு வாரம் கழித்துக் காலையில் எழும்போது உடல் எப்படி இருக்கிறது என்று கவனியுங்கள்.