தெஹிவளை மிருகக்காட்சிச்சாலை – வரலாறும் பணிகளும்

மாணவர்களே! மிருகக்காட்சிச்சாலை பற்றிக் கட்டுரை எழுதும்போது பலர் "சிங்கம் கண்டோம், கரடி கண்டோம், பின்னர் பஸ்ஸில் ஏறி வீடு திரும்பினோம்" என்று எழுதி முடித்துவிடுகின்றனர். அது சுற்றுலா விபரம் மட்டுமே. அந்நிறுவனம் எவ்வாறு தோன்றியது, எதற்காக இயங்குகிறது, விலங்குகளை அடைத்து வைப்பது சரியா என்பனவற்றையும் எழுதினாலேயே கட்டுரை முழுமை பெறும். அதற்குத் தேவையான விடயங்கள் கீழே தொகுத்துத் தரப்பட்டுள்ளன.

1. தோற்றம்

கொழும்பு நகரின் தெற்கே, தெஹிவளையில் சுமார் 23 ஏக்கர் நிலப்பரப்பில் இது அமைந்துள்ளது. இதன் தொடக்கம் ஒரு வியாபாரத்துடன் தொடர்புடையது. ஜோன் ஹாகன்பெக் என்னும் ஜேர்மனியர் இலங்கையில் தங்கியிருந்து விலங்கு வியாபாரம் செய்தவர். ஐரோப்பிய மிருகக்காட்சிச்சாலைகளுக்கும் சர்க்கஸ் கம்பனிகளுக்கும் அனுப்ப வேண்டிய விலங்குகளைக் கப்பல் வரும்வரை தங்க வைக்க ஓர் இடம் தேவைப்பட்டது. 1920களின் பிற்பகுதியில் அவர் தெஹிவளையில் அமைத்த இடமே இன்றைய மிருகக்காட்சிச்சாலையின் வித்தாகும்.

இவருடைய மாற்றாந்தாய்வழிச் சகோதரர் கார்ல் ஹாகன்பெக். 1907 ஆம் ஆண்டு ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரில், கம்பிக் கூடுகளுக்குப் பதிலாக அகழிகளால் விலங்குகளைப் பிரித்து வைக்கும் திறந்தவெளி மிருகக்காட்சிச்சாலையைத் திறந்தவர் அவரே. இக்கருத்தை மனதில் வைத்திருங்கள். பின்னர் மீண்டும் வரும்.

2. அரசுடைமையும் வளர்ச்சியும்

தெஹிவளையை நடத்திய கம்பனி 1936 இல் கலைக்கப்பட்டபோது அரசாங்கம் அதனைப் பொறுப்பேற்றது. அன்று முதல் விற்பனைக்கான விலங்குகளின் தங்குமிடம் என்ற நிலை மாறி, மக்களுக்கான பொது நிறுவனமாயிற்று. ஆரம்ப காலத்தில் இதனை வளர்த்தெடுத்தவர் மேஜர் ஒப்ரி வெய்ன்மன் ஆவார்.

பின்னர் பணிப்பாளராக இருந்த லின் டி அல்விஸின் அனுபவம் வெளிநாட்டுக்கும் பயன்பட்டது. 1973 ஆம் ஆண்டு ஜூன் 27 இல் திறக்கப்பட்ட சிங்கப்பூர் மிருகக்காட்சிச்சாலைக்கு அவர் ஆலோசகராகப் பணியாற்றினார். கம்பிக் கூடு குறைந்த திறந்தவெளி முறை அங்கு பின்பற்றப்பட்டது. ஹம்பேர்க்கில் தோன்றிய கருத்து ஆசியாவில் வேரூன்ற ஓர் இலங்கையரும் காரணமாக இருந்தார் என்பது கட்டுரையில் எழுதத்தக்க செய்தியாகும்.

3. விலங்குகளைக் கவனிக்கும் முறை

பெயர்களை மட்டும் அடுக்காது, ஒவ்வொன்றிலும் ஒரு சிறப்பியல்பைக் கூறுக.

• யானை: இலங்கை யானை ஆசிய யானையின் ஓர் உபஇனம். ஆண் யானைகளுள் ஒரு சிறு பகுதிக்கே தந்தம் உண்டு. கர்ப்ப காலம் சுமார் 22 மாதங்கள். மாலை நேர யானைக் காட்சி தெஹிவளையில் நீண்ட காலம் பெரும் கூட்டத்தை ஈர்த்தது.
• சிறுத்தை: இலங்கைக் காடுகளின் மிகப் பெரிய ஊனுண்ணி. சிங்கமும் வேங்கைப் புலியும் இன்று எமது காடுகளில் இல்லை. அவற்றை இங்கு மிருகக்காட்சிச்சாலைகளிலேயே காணலாம். சிறுத்தையைப் "புலி" என்று எழுதிப் பொருள் மயக்கம் ஏற்படுத்த வேண்டாம்.
• ஒட்டகச்சிவிங்கி: கழுத்து நீண்டதாயினும் அதில் மனிதருக்குள்ளது போல ஏழு என்புகளே உள்ளன.
• சிம்பன்சி: வால் இல்லை. எனவே இது குரங்கு அன்று. வாலில்லா மனிதக் குரங்கு வகையைச் சேர்ந்தது.
• கடற்சிங்கம்: வெளிப்புறமாகத் தெரியும் சிறு காதுமடல்களால் கடல்நாயிலிருந்து வேறுபடுத்தி அறியலாம்.

இவை தவிர மீன் காட்சியகம், ஊர்வன பகுதி, பறவைகளின் நடுவே நடந்து செல்லக்கூடிய பெரிய பறவைக்கூடம் என்பனவும் குறிப்பிடத்தக்கவை.

4. தெஹிவளைக்கு வெளியே

நகரத்தின் நடுவே நிலத்தை விரிவாக்க முடியாது. ஆகவே தேசிய விலங்கியல் பூங்காத் திணைக்களத்தின் பணிகள் வேறிடங்களுக்கும் விரிந்தன.

பின்னவல: தாயை இழந்த யானைக் கன்றுகளுக்கான இல்லம் 1975 இல் கேகாலை மாவட்டத்தில், மகா ஓயாவின் அருகே அமைக்கப்பட்டது. 1978 இல் இத்திணைக்களத்தின் கீழ் வந்தது. கண்ணிவெடியில் காற்பாதத்தை இழந்த சாமா என்னும் யானையும் இங்கு பராமரிக்கப்பட்டது. போர் மனிதரை மட்டும் ஊனமாக்கவில்லை என்பதற்கு அது சாட்சி. 2021 ஆகஸ்ட் 31 இல் சுரங்கி என்னும் யானை இங்கு இரட்டை ஆண் கன்றுகளை ஈன்றது. யானைகளில் இது மிக அரிது.

ரிதியகம: அம்பாந்தோட்டை மாவட்டத்தில் சுமார் 500 ஏக்கரில் அமைந்த சபாரிப் பூங்கா 2016 இல் திறக்கப்பட்டது. இங்கு விலங்குகள் திறந்தவெளியில் உலாவ, மனிதரே வாகனத்துள் அடைபட்டுச் செல்கின்றனர்.

5. மிருகக்காட்சிச்சாலை தேவையா?

விவாதத்திற்கும் கட்டுரைக்கும் மிகவும் பயன்படும் பகுதி இதுவாகும்.

ஆதரவான கருத்துகள்: நகரப் பிள்ளைகள் விலங்குகளை நேரில் கண்டு கற்கின்றனர். அருகிவரும் இனங்களைப் பெருக்க முடிகிறது. காயமுற்ற விலங்குகளுக்குச் சிகிச்சை கிடைக்கிறது. உதாரணமாக, 2001 இல் தாய்லாந்து அன்பளிப்பாக வழங்கிய முத்துராஜா என்னும் யானை கவனிப்பின்றி வாடியதாக முறைப்பாடு எழுந்ததும், 2022 இல் தெஹிவளைக்குக் கொண்டுவரப்பட்டுச் சிகிச்சை பெற்றது. 2023 ஜூலை 2 இல் விமானத்தில் தாய்நாடு திரும்பியது.

எதிரான கருத்துகள்: காட்டில் பல மைல் நடக்கும் விலங்கு சில யார் நிலத்தில் வாழ்நாளைக் கழிக்கிறது. சில விலங்குகள் ஒரே இடத்தில் முன்னும் பின்னும் ஓயாது நடக்கின்றன. பார்ப்போர் அதை விளையாட்டு என எண்ணுவர். உண்மையில் அது மன உளைச்சலின் அறிகுறியாகும். விலங்குகளை வித்தை காட்டச் செய்வதும் கண்டிக்கப்படுகிறது.

முத்துராஜாவின் கதையை இரு பக்கத்தாரும் பயன்படுத்தலாம் என்பதைக் கவனியுங்கள். சிகிச்சை அளித்தது மிருகக்காட்சிச்சாலை. துன்பத்தைத் தந்தது மனிதர் கையில் கழிந்த வாழ்வு. எனவே "வேண்டும், வேண்டாம்" என்று ஒற்றைச் சொல்லில் முடிக்காது, எத்தகைய மிருகக்காட்சிச்சாலை வேண்டும் என்று முடிவுரை எழுதுவதே சிறந்தது.

6. நினைவிற் கொள்க

1907 – ஹம்பேர்க் திறந்தவெளி மிருகக்காட்சிச்சாலை
1936 – தெஹிவளை அரசுடைமையானது
1973 – சிங்கப்பூர் மிருகக்காட்சிச்சாலை திறப்பு
1975 – பின்னவல ஆரம்பம்
2016 – ரிதியகம திறப்பு

7. பயிற்சி

அ) தெஹிவளை மிருகக்காட்சிச்சாலை ஆரம்பத்தில் எத்தேவைக்காக அமைக்கப்பட்டது?
ஆ) 1936 ஆம் ஆண்டு ஏற்பட்ட மாற்றம் யாது? அதனால் நிறுவனத்தின் நோக்கம் எவ்வாறு மாறியது?
இ) கம்பிக் கூட்டு முறைக்கும் அகழி முறைக்கும் உள்ள வேறுபாடுகள் இரண்டு தருக.
ஈ) "கூண்டுக்குள் இருக்கும் சிறுத்தை பேசினால்" என்னும் தலைப்பில் 200 சொற்களில் கட்டுரை எழுதுக.

குறிப்பு: வினா (ஈ) தற்கூற்றுக் கட்டுரையாகும். "நான்" என்றே தொடங்கி இறுதிவரை தன்மை இடத்தில் எழுதுக. பிறந்த காடு, பிடிபட்ட விதம், இன்றைய வாழ்வு, மனிதரிடம் கேட்கும் வேண்டுகோள் என நான்கு பந்திகளாகப் பிரித்துக்கொள்க. சிறுத்தை அழுது புலம்புவதாக மட்டும் எழுத வேண்டாம். தன்னைப் பராமரிக்கும் காவலாளியைப் பற்றியும் அது ஒரு வரி சொல்லட்டும்.