புகையூட்டிய வான்கோழி

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பாகத்தார் காலார்டு என்னும் கோசினக் கீரையைப் பன்றியின் கணைக்கால் இறைச்சியோடு வேகவைத்துண்பது நெடுநாளைய வழக்கம். கொழுப்பிற்கஞ்சிய பலர் அதற்குப் பதிலாகப் புகையூட்டிய வான்கோழிச் சிறகை இடுகின்றனர். தோலை நீக்கிவிட்டாற் கொழுப்பு மிகக் குறைவு, புகைமணமோ குன்றுவதில்லை. ஆயினும் உப்பை நாம் மறத்தலாகாது. புகையூட்டுமுன் இறைச்சியை உப்புநீரில் ஊறவைப்பராதலின், முதலில் அதைத் தனியே ஒரு மணி நேரம் வேகவைத்து, அந்நீரைச் சுவைத்த பின்னரே கீரையை இடல்வேண்டும். (சுவையாமலே உப்பிடும் கைகளை நாம் அறிவோம்!) மேலும், உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம் 2015-ல் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் விளைப்பனவற்றுட் சேர்த்தது, புகையூட்டிய வான்கோழியும் அதற்கு விலக்கன்று. ஆதலின் அதனை இறைச்சியாகவன்றி மணப்பொருளாகக் கொள்வதே தக்கதென்போம். ஒரு சிறகின் சதையை உதிர்த்துக் கலந்தால் நால்வருக்குப் போதும். எஞ்சிய சாறு குளிர்ந்தபின் மேலே உறையும் கொழுப்பை வழித்தெறிந்து, மறுநாட் காராமணியை அதிலேயே வேகவைக்கலாம்.