நெருஞ்சி முள்ளும் உங்கள் பாதமும்

நெருஞ்சிக் காய் எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேல்நோக்கி நிற்கும். அக்காலப் போர்களில் இதே அமைப்பில் இரும்பு முட்கள் செய்து, குதிரைகளும் யானைகளும் வரும் வழியில் தூவினார்கள்.

முள் குத்தினால் வலிக்கும், உடனே எடுத்துவிடுவோம். ஆனால் நீரிழிவு நோய் பாத நரம்புகளைப் பாதித்தால், வலி தெரியாமல் போகலாம். கவனிக்காத சிறு காயம் புண்ணாகி, காலையே இழக்க நேரிடலாம்.

உங்களுக்கு நீரிழிவு இருந்தால்:

• தினமும் உள்ளங்கால்களையும் விரல் இடுக்குகளையும் பாருங்கள். குனிய முடியாவிட்டால் கண்ணாடியைப் பயன்படுத்துங்கள்.

• வீட்டிலும் வெறுங்காலுடன் நடக்காதீர்கள். காலணியை உதறிப் பார்த்து அணியுங்கள்.

• காயம் சிவந்தாலோ, வீங்கினாலோ, ஆறாவிட்டாலோ உடனே மருத்துவரைப் பாருங்கள்.

• ஆண்டுக்கு 1 முறையாவது பாதப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.