வாடகை எவ்வளவு?

பெங்களூர் அல்சூரில் ஒரு பூக்காரம்மா இருந்தார். கணவர் இறந்துவிட்டார். அவர் விட்டுப்போன வீட்டின் மாடியில் ஓர் அறையும் சமையலறையும் உண்டு. அந்த வாடகைதான் மகளின் படிப்புச் செலவுக்கு.

"மாதம் 8,000 ரூபாய். ஒரு ரூபாய் குறையாது" என்றார் பூக்காரம்மா. பலர் வந்து பார்த்தார்கள். யாரும் குடிவரவில்லை. மூன்று மாதம் வீடு பூட்டிக் கிடந்தது. கல்லூரிக்குப் பணம் கட்டும் நாள் நெருங்கியது.

எதிர்வீட்டுப் பெரியவர் கேட்டார்: "அக்கம்பக்கத்தில் விசாரித்தாயா, அம்மா?"

பூக்காரம்மா விசாரித்தார். அதே அளவுள்ள இரண்டு வீடுகளுக்கு 7,000 ரூபாய். இன்னொரு வீட்டுக்கு 8,000. ஆனால் அங்கே காவிரித் தண்ணீர் வீட்டுக்குள்ளேயே வருகிறது. இவர் மாடிக்குக் கீழேயிருந்து குடத்தில் தூக்க வேண்டும்.

அன்று இரவு நோட்டில் கணக்குப் போட்டார்.

8,000 × 9 மாதம் = 72,000
7,000 × 12 மாதம் = 84,000

பூட்டிக் கிடக்கும் வீடு வாடகை தராது. ஆயிரம் ரூபாய் ஆசையால் ஆண்டுக்கு 12,000 ரூபாய் நட்டம்! ஆனால் 6,000 ரூபாய்க்கு விட்டாலும் 72,000தான் வரும். வீட்டு வரி, வெள்ளையடிப்பு, பழுது எல்லாம் அதிலிருந்தே போக வேண்டும். ஆகவே, 7,000 ரூபாயே சரி என்று முடிவு செய்தார்.

அடுத்தது முன்பணம். பெங்களூரில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது பழைய வழக்கம். அது 70,000 ரூபாய். கூலி வேலை செய்பவர் எங்கே போவார்? மத்திய அரசின் 2021 மாதிரி வாடகைச் சட்டம், குடியிருக்கும் வீட்டுக்கு இரண்டு மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. ஒரு மாநிலம் ஏற்றுக்கொண்டால்தான் அது அங்கே செல்லும். பூக்காரம்மா 14,000 மட்டும் கேட்டார். அதுவும் திருப்பித் தர வேண்டிய பணம் என்பதால் வங்கியில் போட்டார்.

ஒரு கொத்தனார் குடும்பம் குடிவந்தது. 11 மாத ஒப்பந்தம் எழுதினார்கள். ஓராண்டுக்கு மேல் என்றால் பதிவு செய்வது கட்டாயம். வாடகை, முன்பணம், மின்கட்டணம், வாடகையை உயர்த்தும் காலம் எல்லாம் அதில் இருந்தன. இருவரும் படித்துப் பார்த்தே கையெழுத்திட்டார்கள்.

முதல் மாத வாடகை வந்தது. பூக்காரம்மா தன் கையாலேயே ரசீது எழுதிக் கொடுத்தார்.

செய்து பாருங்கள்

1. வாடகை 5,000 ரூபாய். இரண்டு மாதம் வீடு காலி. ஆண்டு வருமானம் எவ்வளவு?
2. உங்கள் தெருவில் ஓர் அறை வீட்டின் வாடகை என்ன? மூன்று வீடுகளில் கேட்டு எழுதுங்கள்.